சன்னல் பக்கத்து மீசை

என் வீட்டுக்காரருக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. முப்பது வருஷமாக முடி வெட்டிச் சம்பாதித்துப் போட்ட மனிதரை இப்படிப் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். நாற்காலிக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த இடத்தை விட்டு நகர்ந்தால்தான் கோளாறு. அந்தக் கோளாறில் ஒரு மனிதரின் மீசை போனது. எங்கள் கடையும் கூடவே போயிருக்க வேண்டியது.

அவர் பெயர் கார்த்திகேசு. நான் தனலெட்சுமி. பினாங்குத் தீவில், பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் முடி வெட்டும் கடை, மாடியில் வீடு. கடையில் மூன்று நாற்காலிகள். ஒன்று அவருடையது. மற்ற இரண்டிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆட்கள் வேலை செய்தார்கள். கல்லாவில் நான். 2020இல் முதல் தடவை எல்லாக் கடையையும் பூட்டச் சொன்னபோது அந்த இரண்டு பேரும் ஊருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. அப்போது சேர்த்து வைத்ததைத் தின்று ஓட்டினோம். 2021 ஜூனில் மறுபடி பூட்டச் சொன்னபோது தின்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

சந்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பக்கத்துக் கைலிக் கடை ஷேக் அலாவுதீன் அண்ணன் ஒரே வாரத்தில் பிரியாணிக்காரர் ஆகிவிட்டார். அவர் மனைவி மஹ்பூபா சமைக்க, இவர் போனில் ஆர்டர் எடுக்க, மோட்டார்காரர்கள் வந்து பொட்டலத்தை வாங்கிப் போனார்கள். எதிர்ப்பக்கம் மாலை கட்டும் அக்கா கோயில்கள் மூடியதும் கீரையும் கத்தரிக்காயும் விற்கத் தொடங்கினார். நாங்கள் என்ன செய்வது? முடி வெட்டுவதைப் பொட்டலம் கட்டி மோட்டாரில் அனுப்ப முடியுமா?

வீட்டுக்கு வந்து வெட்டு, யாருக்கும் தெரியாது என்று பல பேர் கூப்பிட்டார்கள். ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவர் அப்படிப் போய் போலீஸ் ரோட்ப்ளாக்கில் மாட்டினார். பைக்குள் கத்தரிக்கோலும் டிரிம்மரும் இருந்ததால் பொய் சொல்லவும் வழியில்லை. அந்தச் செய்தியைக் கேட்டதும் நான் முதல் வேலையாக இவருடைய தொழில் பையை எடுத்து அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தேடினார், கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஒருநாள் அலாவுதீன் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார்.

"கார்த்தி, என் தலையப் பாரு. கரடி மாதிரி ஆயிட்டேன். மஹ்பூபா வெட்டி விடுறேங்கிறா. எனக்குப் பயமா இருக்கு லா. நீ போன்ல பாத்துக்கிட்டே சொல்லு, அவ வெட்டட்டும்."

இவர் அப்போதே கீழே இறங்கினார். ஷட்டர் பூட்டியபடியே இருந்தது. விளக்கைப் போட்டு, ஹேண்ட்போனை நடுக் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, காலி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கையில் சீப்பு வேறு. சீப்பு இல்லாவிட்டால் அவருக்குப் பேச்சு வராது. அந்தப் பக்கம் அவர்கள் மகள் சுஹானா போனைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முதுகுப் பக்கம் நின்றாள். "கீழேருந்து மேல ஏறுங்க மஹ்பூபா, அழுத்தாதீங்க, காதை மடிச்சுப் புடிங்க" என்று இவர் சொல்லச் சொல்ல மஹ்பூபா வெட்டினார். உண்மையைச் சொன்னால் நன்றாகவே வந்தது. அலாவுதீன் அண்ணன் பத்து வெள்ளிப் பணமும் ஒரு பொட்டலம் பிரியாணியும் அனுப்பினார். போன் வழியாக முடி வெட்டலாம் என்று இரண்டே நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குப் பிடிக்கவில்லை. "ஊருக்கே தொழிலச் சொல்லிக் குடுத்துட்டா, நாளைக்குக் கடையத் தொறந்து யாருக்கு வெட்டுவீங்க? எனக்கா?" என்று கேட்டேன்.

"தொறக்கும்போது கடைன்னு ஒன்னு இருக்கணும்ல. மொதல்ல அதப் பாரு."

மறுநாளிலிருந்து யார் எத்தனை மணிக்கு என்று குறித்து வைப்பது என் வேலையானது. வெட்டி முடித்ததும் கண்ணாடியில் ஒட்டிய போனில் தெரியும் தலையை என் போனில் ஒரு படம் எடுத்து, கடையின் பேஸ்புக் பக்கத்தில் போடுவேன். வேண்டாம் என்று சொன்னவள்தான். செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பது என் குணம்.

இந்த நேரத்தில்தான் நல்லமுத்து அண்ணன் கூப்பிட்டார்.

நல்லமுத்து அண்ணனை ஒரு வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது. அவர் பாதிக் கடை. பாயான் பாருவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை தன் ஷிப்ட் ஆட்களை மூன்று நான்கு காரில் கூட்டிக்கொண்டு வருவார். எல்லாரும் வெட்டிக்கொண்டு, தலையைப் பிடித்துவிடச் சொல்லி, கழுத்தை இரண்டு பக்கமும் சொடுக்கு எடுத்துக்கொண்டு, அப்படியே தெருவில் பசியாறிவிட்டுப் போவார்கள். அவர் வந்தால் அவர்கள் வருவார்கள், அவர் போனால் அவர்களும் போய்விடுவார்கள். அண்ணனுக்கு நல்ல அடர்ந்த மீசை, முனைகள் லேசாக மேலே திரும்பியிருக்கும். இருபது வருஷமாக இவரைத் தவிர வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை, தன் பெண்டாட்டியைக்கூட.

அவருக்கு அப்போது பெரிய கஷ்டம். அவருடைய அப்பா வீராசாமியும் அம்மா அங்கம்மாவும் கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் மகளோடு இருந்தார்கள். பெரியவருக்குக் கோவிட் வந்து, இந்தப் பக்கம் தீவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் கையில் பட்டையைக் கட்டி வீட்டை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வார்டுக்குள் யாரும் போகவும் முடியாது. அண்ணன் வார்டுக்குப் போன் செய்து கேட்பார். காலையில் அம்மா வீடியோவில் கூப்பிட்டதும் அதைச் சொல்வார். கிழவருக்கு மூச்சு எப்படி, சாப்பிட்டாரா என்று கேட்டு முடித்த பிறகு அந்தம்மா, "உன் மூஞ்சியப் பாக்கச் சகிக்கல, மொதல்ல போயி முடி வெட்டு" என்றாராம். அதனால்தான் எங்களுக்குப் போன்.

வெட்டப் போவது அவர் மகள் தனுஜா. கை நன்றாக வந்தது அந்தப் பெண்ணுக்கு. மறுபடி எப்போது வெட்ட முடியுமோ என்று அண்ணன் ஒட்ட வெட்டச் சொன்னார். பின்னந்தலை, காதோரம் எல்லாம் சுத்தமாக முடிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மீசை உதட்டுக்குக் கீழே இறங்கி காப்பியில் நனைகிறது, அதையும் கொஞ்சம் குறைத்துவிடச் சொன்னார் அண்ணன்.

அதுவரை இவர் பார்த்ததெல்லாம் பின்மண்டைகள். மீசைக்காக முதல் தடவையாகப் போனை முகத்துக்கு எதிரே வைத்தார்கள். இவருக்கோ எதிரே முகம் தெரிந்தால் அது கண்ணாடி. முப்பது வருஷமாகக் கண்ணாடியில்தானே முகம் பார்த்திருக்கிறார்?

"இடது பக்கம் நுனி கொஞ்சம் நீளம்மா. லேசா குறை" என்றார்.

தனுஜா குறைத்தாள். லைன் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. படம் நின்று நின்று நகர்ந்தது.

"இன்னும் நீளமாத்தான் தெரியுது. இடது பக்கம் இன்னும் கொஞ்சம்."

"அங்கிள், போதுமே?"

"நீ எடும்மா. நான் பாக்குறேன்ல. இடது பக்கம். இன்னும். டிரிம்மரால ஒரு தடவ போயிடு."

படம் தெளிந்தபோது அண்ணனுக்குப் பாதி மீசைதான் இருந்தது. இவர் எந்தப் பக்கம் நீளம் என்று சொன்னாரோ அந்தப் பக்கம் அப்படியே இருந்தது, மறுபக்கம் மழமழவென்று ஒன்றுமில்லை. வழக்கம்போல் படம் எடுக்கப் போனைத் தூக்கி வைத்திருந்த நான், விஷயம் புரிவதற்குள் எடுத்துவிட்டேன். அண்ணன் மேல் உதட்டைத் தடவிப் பார்த்தார். தனுஜாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

பாதி மீசையை வைத்துக்கொண்டு யாரும் வெளியே போக முடியாது. மீதியையும் எடுத்தாள். ஒட்ட வெட்டின தலை, மீசை இல்லாத முகம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்மவர்களில் அந்த வயதில் ஒருவர் அப்படி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பாவோ அம்மாவோ போய், கொள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அம்மா காலையில் வீடியோவில் கூப்பிடுவார்.

"அண்ணே, அம்மாகிட்ட மூஞ்சியக் காட்டாதீங்க" என்றேன்.

அவருக்கும் புரிந்துவிட்டது. "மாஸ்க் போட்டுக்கிட்டுப் பேசுறேன்" என்றார்.

மறுநாள் நடந்ததைத் தனுஜா பிறகு சொன்னாள், பாதியை நாங்களே பார்த்தோம். வீட்டுக்குள் எதற்கு மாஸ்க் என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். உனக்கும் வந்துவிட்டதா, மறைக்கிறாயா என்று பிடித்துக்கொண்டார். அண்ணன் சமாளிக்கச் சமாளிக்க அந்தம்மாவுக்குச் சந்தேகம் கூடியது. கழற்று, கழற்று என்று கத்தவே அண்ணன் கழற்றினார்.

அந்தம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்களாம். அண்ணன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. தங்கச்சியே, "அண்ணே, மறைக்காத, சொல்லிடு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். வேறு வழி தெரியாமல் அண்ணன் எங்களையும் அந்த வீடியோவில் சேர்த்தார். மீசையை எடுத்தது யார் என்று இவரே சொல்லட்டும் என்று நினைத்திருக்கிறார். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லை. அவர்கள் குடும்பத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் மொட்டை எடுக்கப் போவது இவர்தான். அந்தம்மா திரையில் இவர் முகத்தைப் பார்த்தார்.

"கார்த்தியும் வந்துட்டானா" என்றார்.

கழுத்துத் தாலிக்குப் போன அம்மாவின் கையை மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர் "இல்லம்மா, நான் வீட்டுலதான் இருக்கேன், தப்பா எடுத்துட்டேன்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்க ஆள் இல்லை. நான் அந்தப் பாதி மீசைப் படத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். அந்தம்மா அதைப் பார்க்கவே மாட்டேன் என்றார். அவரைக் காட்டு, இல்லாவிட்டால் எதையும் காட்டாதே என்றார்.

கடைசியில் தனுஜாதான் வார்டுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். அங்கே ஒரு நர்ஸம்மா, மூச்சுவிட நேரமில்லாத வேலைக்கு நடுவிலும், தன்னுடைய போனைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக்கொண்டு பெரியவர் கட்டிலுக்குப் போனார். பெரியவர் ஆக்சிஜன் மாஸ்க்கோடு தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து, திரையில் பெண்டாட்டியைப் பார்த்து, "என்னாத்துக்கு அழுவுற" என்று கேட்டாராம். தனுஜா அனுப்பிய அந்தப் பாதி மீசைப் படத்தையும் நர்ஸம்மா காட்டினாராம். பெரியவருக்குச் சிரிப்பு தாங்காமல் இருமல் வந்து, மாஸ்க் முழுக்க ஆவி மூடிவிட்டதாம். அப்புறம் கோழிக்குத் தீனி போட்டாயா என்று கேட்டார், நீ பசியாறினாயா என்று கேட்டார். அந்தம்மா எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொன்னார். அன்று அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

சாயங்காலம் நல்லமுத்து அண்ணன் கூப்பிட்டார். கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம்.

"எங்கம்மா தாலியில கை வச்சுட்டாங்க கார்த்தி. எங்கப்பா உசுரோட இருக்கும்போது. இனிமே உன் கட வாசல மிதிக்க மாட்டேன்."

அடுத்த நாளிலிருந்து ஃபேக்டரி ஆட்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்று செய்தி அனுப்பினார்கள். ஒருவர்கூடக் காரணம் சொல்லவில்லை. நான் இவரைப் பேசாத பேச்சு பேசினேன். எல்லாம் பேசி முடித்ததும் எனக்குள் கோபம் கொஞ்சம்தான் இருந்தது, பயம்தான் நிறைய இருந்தது. கடை திறந்தாலும் இனி யார் வருவார்கள்? எனக்கு வேறு தொழில் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் தன்னுடைய நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். என்னை மாடியில் ஒரு போனோடு உட்காரச் சொல்லி, கீழே இவர் ஒரு போனோடு நின்று, காதைத் தொடு, மூக்கைத் தொடு, அந்தக் கையைத் தூக்கு, இந்தக் கையைத் தூக்கு என்று என்னைக் குரங்காட்டம் ஆட வைத்தார். அப்புறம் மேலே ஏறி வந்தார்.

"கண்ணாடியில அவன் இடது என் இடதுப் பக்கமே இருக்கும். போன்ல அவன் எதுக்க உக்காந்திருக்கான். எல்லாம் மாறி இருக்கு" என்றார்.

"இத ஒரு சின்னப் புள்ளயக் கேட்டிருந்தா சொல்லியிருக்கும்" என்றேன்.

அன்றோடு அவர் வாயில் இடது, வலது இரண்டும் நின்றுபோயின. மிச்சமிருந்த சில பேர் கூப்பிடும்போது, முதலில் உங்கள் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று கேட்பார். ஒருவர் ஃபிரிட்ஜ் என்பார், ஒருவர் சாமி மேடை என்பார். "ஃபிரிட்ஜ் பக்கம் கொஞ்சம் கொறைங்க, சாமி பக்கம் போதும்" என்று இவர் சொல்வார். அதற்கப்புறம் ஒரு தப்பும் நடக்கவில்லை. நல்லமுத்து அண்ணனுக்கு இரண்டு மூன்று தடவை போன் செய்து பார்த்தார், அவர் எடுக்கவில்லை.

ஜூலையில் ஒரு காலை, நான் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தனுஜா கூப்பிட்டாள்.

"ஆண்டி, தாத்தா தவறிட்டாரு."

விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், இரண்டு பேர் தள்ளி நின்று பார்க்கலாம். மத்தியானத்துக்குள் அப்பா தயாராக வேண்டும். தலையும் மீசையும் எடுக்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். "அப்பா உங்களத்தான் கேக்கச் சொன்னாரு, அங்கிள்" என்றாள்.

நானே எழுந்து போய் அரிசி வாளிக்குப் பின்னாலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து இவரிடம் கொடுத்தேன். சம்மன் வந்தால் வரட்டும் என்றுதான் அப்போது தோன்றியது. அதற்குள் போனில் அண்ணன் குரல் கேட்டது.

"வராத கார்த்தி. வழியெல்லாம் ரோட்ப்ளாக். நீ மாட்டிக்கிட்டா எனக்கு நேரமும் போயிடும். போன்லயே சொல்லு."

இவர் குளித்தார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டார். சாவு வீட்டுக்குள் போவதுபோல் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டுக் கீழே இறங்கினார். ஷட்டர் பூட்டியிருந்தது. போனைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் என்னா இருக்கு?"

"இந்தப் பக்கம் சன்னல். அந்தப் பக்கம் கதவு."

தனுஜா டிரிம்மரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், பொம்பளப் புள்ள எடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"எடுக்கலாம்மா. கைதான் உன்னது. எடுக்கிறது நான்."

முன்நெற்றியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். தலை முடிந்தது. அப்புறம் மீசை. அது அரைகுறையாகத்தான் வளர்ந்திருந்தது, முனை திரும்புகிற அளவுக்கு வரவில்லை. "சன்னல் பக்கம் மொதல்ல" என்றார். எடுத்தாள். "இப்ப கதவுப் பக்கம்." அதையும் எடுத்தாள். இரண்டே தடவையில் முடிந்துவிட்டது.

சுங்கை பாக்காப்பில் தங்கச்சிக்கு அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சடங்கை முடித்துக்கொண்டு அண்ணனே சொல்வதாக இருந்தது. ஆனால் அந்தம்மா தினமும் கூப்பிடுகிற நேரத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். மேசையில் கிடந்த அண்ணனுடைய போன் அடித்தது. தனுஜா பழக்கத்தில் எடுத்துவிட்டாள். தனுஜாவின் போனில் எங்கள் லைனும் அப்படியே இருந்தது. அந்தம்மா முகம் எங்களுக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

மகன் தலையையும் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். பிறகு லேசாகச் சிரித்தமாதிரி, "என்னாடா இது? மறுபடியும் அந்தக் கார்த்திகேசு வேலையா?" என்றார்.

அண்ணன் மேல் உதட்டைத் தடவினார்.

"சொல்லுடா. அவன்தானே? அவன்தான் மறுபடியும் கெடுத்துட்டான், இல்ல?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தனுஜா எங்களைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து நகர்ந்து, போனுக்குப் பக்கத்தில் போனார்.

"ஆமாம்மா, கார்த்திதான் பேசுறேன். நான்தான் எடுத்தேன்" என்றார். "இந்தத் தடவ தப்பு எதுவும் நடக்கலம்மா."

அந்தப் பக்கம் ஒரு கோழி கூவுவது கேட்டது. அப்புறம் அந்தம்மா ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு மாதிரி தப்பா இருக்கக் கூடாதாப்பா?"

இவர் கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டார். நான் அழுதேன். அவரும் அழுதார். எங்கள் இருவருக்கும் அந்தப் பெரியவர் சொந்தம்கூட இல்லை.

ஆகஸ்டில் கடையைத் திறக்கலாம் என்றார்கள். இரண்டு ஊசி போட்டவர்களுக்கு மட்டும், முகத்தில் மாஸ்க் இருக்க வேண்டும். சவரம் வேண்டாம், தலை பிடிக்க வேண்டாம், கழுத்துச் சொடுக்கு வேண்டாம் என்று இவரே ஒரு அட்டையில் எழுதி ஒட்டினார். மூன்று நாற்காலியில் ஒன்றைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டோம். நான் பயந்தது கொஞ்சம் நடக்கவும் செய்தது. பாடம் கேட்டவர்களில் சில பேர் திரும்பி வரவே இல்லை, அவர்கள் பெண்டாட்டிகள் தேர்ந்துவிட்டார்கள். அலாவுதீன் அண்ணன் கைலிக் கடையைத் திறந்துவிட்டார், தலை மட்டும் இன்றைக்கும் மஹ்பூபா கையில்தான். வெட்கமே இல்லாமல் எங்கள் கடை வாசலில் நின்றுகொண்டு எப்படி இருக்கிறது என்று காட்டுவார்.

முதல் சனிக்கிழமை மத்தியானம் வரை நான்கு பேர் வந்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பார்க்காததுபோல் காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது நல்லமுத்து அண்ணன் காரை விட்டு இறங்கினார். பின்னால் இன்னும் இரண்டு கார் நின்றது. அண்ணன் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"மிதிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன்" என்றார்.

"ஆமாண்ணே" என்றார் இவர்.

"அம்மாதான் போகச் சொன்னாங்க. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனப்புறம் அவங்க ரெண்டு பேரும் பேசுனது அந்த ஒரு தடவதான். நீ ஒழுங்கா வெட்டியிருந்தா அதுவும் இல்லையாம்."

இவர் நாற்காலியைத் திருப்பி வைத்தார். அண்ணன் படியேறி வந்து உட்கார்ந்தார். துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, இரண்டு பேரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலையில் முடி கொஞ்சம்தான் இருந்தது. வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அண்ணன் மாஸ்க்குக்கு மேலேயே மீசையைத் தொட்டுக் காட்டினார். "சன்னல் பக்கம் கொஞ்சம் வேகமா வளருது கார்த்தி. ரூல்ஸ் மாறுனதும் மொதல்ல அதப் பாரு."

எங்கள் கடையில் சன்னலே கிடையாது. இவர் எந்தப் பக்கம் என்று கேட்காமல் அண்ணன் விரல் இருந்த இடத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு, சீப்பை எடுத்தார். வெளியே காரில் வந்தவர்கள் இடம் விட்டு இடம் விட்டு வரிசையில் நின்றார்கள். நான் கல்லாவைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.